நான் காணாமல் போகவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், முழங்கால் இரண்டும் நலம், வலது முழங்கையில் ஒரு சிராய்ப்பு இருந்தது, அதுவும் பொருக்குத் தட்டிவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே குளிரைச் சமாளித்துக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நான் காணாமல் போகவில்லை. உன் மாமா உன்னிடம் சொன்னதும், அவனிடம் கேட்டு அத்தை உறவுக்காரர்களிடம் சொன்னதும், பக்கத்து வீட்டு வக்கீல் கேட்டில் சாய்ந்துகொண்டு போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னதும் நடந்ததே அல்ல. "பாவம், வழி தெரியாம எங்கயோ போயிட்டாங்களாம், போலீஸ்தான் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்துச்சாம்" என்று தெருவே பேசுகிறது. எனக்கு வழி தெரியும். வரைபடத்தை மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தேன். போலீஸ் என்னைக் கூட்டிக்கொண்டு வரவும் இல்லை. என் சைக்கிளில் போனேன், டென்டில் இரண்டு இரவு தங்கினேன், அதே சைக்கிளில் வீடு திரும்பினேன். நடுவில் போலீஸ்காரர்கள் என்னிடம் டீ வாங்கிக் குடித்தார்கள், அவ்வளவுதான்.

அன்றைக்கு நீ போனில் கூப்பிட்டபோது இதைச் சொல்ல வாயெடுத்தேன். நான் வாயெடுக்கும்போதெல்லாம் நீ அழுதாய், நீ அழுகையை நிறுத்தினால் மாமா பின்னாலிருந்து "அக்கா, அவ சொல்றதைக் கொஞ்சம் கேளேன்" என்றான், இரண்டு பேருக்கும் நடுவில் நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம். அழுது முடிப்பதற்குள் நீ எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டாய். அடுத்த மாதம் நீ வரப்போகிறாய், டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது, வந்து வீட்டைக் காலி செய்து என்னை மாமா வீட்டுப் பக்கத்தில் இருக்கிற அந்தப் பராமரிப்புக் குடியிருப்பில் சேர்க்கப் போகிறாய். மாமா அதன் விளம்பரத் தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். பளபளவென்றுதான் இருக்கிறது. வெள்ளைச் சீருடை போட்ட ஒரு பெண், சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு கிழவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். கிழவர் சிரிக்கவில்லை. அதனால்தான் போனை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்தேன். நீ எவ்வளவு அழுதாலும் காகிதம் நடுவில் நிற்காது, நான் சொல்ல வந்ததைக் கடைசிவரை சொல்லிவிடும்.

ஏன் போனாய் என்று நீ கேட்கவே இல்லை, கேட்டாய் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து எல்லாரும் என்னைத் தாங்கு தாங்கு என்று தாங்குகிறார்கள். பேங்குக்குப் போனால் மாமா படிவத்தை வாங்கி அவன் நிரப்புகிறான். கடைக்குப் போனால் அத்தை என் கையிலிருந்து பையைப் பிடுங்குகிறாள். போன தடவை உன்னிடம் வந்தபோது விமான நிலையத்தில் நான் கேட்காமலேயே ஒரு சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், நீ ஏற்பாடு செய்தது என்று பிறகுதான் தெரிந்தது. அன்பால்தான் செய்கிறீர்கள், எனக்குத் தெரியாமல் இல்லை. ஒருநாள் சாயங்காலம் பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. பிறந்தது முதல் நான் தூங்கிய இடமெல்லாம் வேறு யாரோ எனக்கு ஒதுக்கிக் கொடுத்த இடம். சின்ன வயதில் என் அப்பா காட்டிய அறை. கான்வென்டில் சிஸ்டர் காட்டிய கட்டில், ஜன்னலோரம் கேட்டதற்குச் சுவரோரம் கொடுத்தார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தபோது ஹாஸ்டல் வார்டன் காட்டிய மூலை. கல்யாணத்துக்குப் பிறகு உன் அப்பா வீடு. எந்த இடத்தையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் இங்கே படுக்கலாம் என்று நானே ஒரு இடத்தைப் பார்த்து, நானே தீர்மானித்து, ஒரு இரவுகூட நான் படுத்ததில்லை. இனி ஒதுக்கப்படப்போகும் இடம் எது என்று அந்த விளம்பரத் தாள் சொல்கிறது. அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவையாவது என் இடத்தை நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தபடி செய்தேன்.

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று கிளம்பவில்லை. பரணில் நீ கல்லூரி நாட்களில் தோழிகளோடு கொண்டு போவாயே, அந்தப் பச்சை டென்ட், அதை இறக்கி வெயிலில் போட்டேன். ஒரு கம்பி விரிசல் விட்டிருந்தது, நீ அதை ஒட்டாமலேயே மடித்து வைத்திருக்கிறாய், அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்வோம். அப்பாவின் பழைய மழைக்கோட்டை வெட்டி சைக்கிளுக்குப் பைகள் தைத்தேன். ஹேண்டில்பாருக்கு ஒன்று, சட்டத்தின் முக்கோணத்துக்குள் உட்காரும்படி ஒன்று, சீட்டுக்குப் பின்னால் ஒன்று. கான்வென்டில் கோணல் தெரிந்தால் பிரித்துத் திரும்பத் தைக்க வைத்த அதே பின்தையல், ஒரு இழை பிரியவில்லை. கொல்லைப்புறத்தில் டென்டைப் போட்டுப் பிரித்துப் பழகினேன், வக்கீல் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "என்ன மேடம், வெளிய படுக்கப் போறீங்களா, வீட்டுக்குள்ள பெயின்ட் அடிக்கிறீங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார். "இல்லை, பழகிக்கிறேன்" என்றேன், அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதை இப்போது தெருவே சொல்கிறது. முதலில் கடைத்தெரு வரை, பிறகு ரயில்வே கேட் வரை, பிறகு மேட்டுச் சாலை வரை, தண்ணீர்க் கேன்களைக் கட்டிக்கொண்டு காலையில் மிதித்துப் பழகினேன். சைக்கிள் கடைக்காரர் புது பிரேக் கட்டையும் டயரும் போட்டுக் கொடுத்தார், நான் மூட்டை கட்டிக்கொண்டு காட்டப் போனபோது சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க போறது ரெண்டு ராத்திரிக்கு, குடித்தனம் மாத்தல. பாதியை இறக்குங்க" என்றார். இரும்புச் சட்டி, இரண்டாவது ஜோடி ஷூ, வெந்நீர்ப் பை எல்லாவற்றையும் இறக்கினேன். வெந்நீர்ப் பையை இறக்கியதற்கு மட்டும் இன்றுவரை வருத்தம்.

உன்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேண்டாம் என்பாய், நீ வேண்டாம் என்ற பிறகு போனால் உன்னை மீறிப் போனதாகும், அந்த நிலைக்கு நம் இருவரையும் கொண்டுவர வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் யாரிடமும் சொல்லாமல் போனேன் என்று உனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது பார், அது பொய். ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குப் போன் செய்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் சைக்கிளில் கிளம்புகிறேன், பெரிய ஏரியைச் சுற்றிக்கொண்டு போகிற வழி, டென்டில் தங்குவேன், அந்தப் பக்கம் சிக்னல் இருக்காது, வியாழக்கிழமை மதியத்துக்குள் வந்துவிடுவேன், எல்லாம் சொன்னேன். பின்னால் டிவியில் ஏதோ ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. "சரிக்கா, சரிக்கா, பாத்துப் போயிட்டு வா" என்றான். இங்கே ஒரு தவறு நடந்தது, அது என்னுடையது, அதை மறைக்கப் போவதில்லை. எக்ஸ்சேஞ்சில் நான் மேற்பார்வைக்கு வந்த பிறகு எனக்குக் கீழே வேலை பார்த்த பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் விதி உனக்கே தெரியும், சின்ன வயதில் உன்னை அதை வைத்துத்தானே வாட்டி எடுத்தேன். செய்தியைச் சொன்னால் போதாது, எதிர்முனையில் இருப்பவர் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும், அவர் வாயால் கேட்ட பிறகுதான் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அதுவரை செய்தி போய்ச் சேரவில்லை என்றே கணக்கு. மாமாவைத் திரும்பச் சொல்ல வைக்காமல் போனை வைத்தேன். சொந்தத் தம்பிதானே என்ற மெத்தனம். அவன் இப்போது என்ன சொல்கிறான் தெரியுமா, "சைக்கிள்னு காதுல விழுந்துச்சுக்கா, நீ விளையாட்டுக்குச் சொல்றேன்னு நினைச்சேன்" என்கிறான். இத்தனை வருஷத்தில் நான் விளையாட்டாகப் பேசி அவன் எப்போது கேட்டான்?

முதல் நாள் ஊர் எல்லை தாண்டும் வரை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற ஒரே எண்ணம், திருட்டுத்தனமாகப் பள்ளிக்கு மட்டம் போடுகிறவள் போல வேகமாக மிதித்தேன். எல்லை தாண்டியதும் மூச்சு சீரானது. வயல்கள், ஒரு செங்கல் சூளை, பிறகு மேடு. பாதி மேட்டில் இறங்கித் தள்ளினேன், தள்ளுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஒரு லாரிக்காரர் பக்கத்தில் வந்து மெதுவாக ஓட்டிக்கொண்டே, "என்ன பாட்டி, தாத்தாகூடச் சண்டையா? ஏறுங்க, சமாதானம் பண்ணி வீட்ல விட்டுடறேன்" என்றார். "தாத்தா போய் ரெண்டு வருஷம் ஆச்சு தம்பி, சண்டை போட ஆளில்ல, அதான் இந்த மேட்டோட போடறேன்" என்றேன். அவர் ஹாரனை நீளமாக அடித்துவிட்டுப் போனார். அது மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் ஏரி தெரிந்தது. இடம் தேடினேன் பாப்பா, அதுதான் எனக்குப் பிடித்த வேலை. ஒரு இடம் அழகாக இருந்தது, சாலைக்கு மிகப் பக்கம். இன்னொன்று நிழலாக இருந்தது, மேலே காய்ந்த கிளை தொங்கியது. மூன்றாவதாக ஒரு பள்ளமான புல்வெளி, மெத்தை போட்டது போல் இருந்தது, அங்கேயே போட்டேன். முளைகளை அடித்து முடித்து நிமிர்ந்தேன், மழை பிடித்துக்கொண்டது. மெத்தை எதனால் அப்படி மெத்தென்று இருந்தது என்பது அப்போது புரிந்தது, சுற்றிலும் பெய்கிற தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து நிற்குமாம். வெளிச்சம் இருக்கும்போதே எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு மேட்டுக்கு மாற்றினேன். நனைந்தேன், யாரையும் திட்ட முடியவில்லை, இடம் பார்த்தது நான்தானே. உனக்குச் சொன்னால் சிரிப்பாய், அந்த நேரத்தில் எனக்கு மகா சந்தோஷம். என் தப்பை நானே திருத்திக்கொண்டு எவ்வளவு காலம் ஆயிற்று, இப்போதெல்லாம் நான் தப்பு செய்வதற்கு முன்பே யாராவது ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

பயமே இல்லை என்று எழுதினால் அது பொய். பயந்தேன். இருட்டிய பிறகு வெளியே எது அசைந்தாலும் எனக்காக அசைவது போல இருந்தது. உட்கார்ந்து, எக்ஸ்சேஞ்சில் என் இணைப்புப் பலகையில் இருந்த ஊர்ப் பெயர்களை இடமிருந்து வலமாக வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். கீழ் வரிசைக்கு வந்தது ஞாபகம் இருக்கிறது, முடித்தது ஞாபகம் இல்லை. விழித்தபோது விடிந்திருந்தது, டென்ட் துணியில் ஒரு பெரிய மூக்கு வெளியிலிருந்து முட்டிக்கொண்டிருந்தது. மாடு. அதை ஓட்டிவந்த பெண் என்னைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்னம்மா, இப்படி இங்க வந்து படுத்திருக்கீங்க, வீட்ல யாரும் இல்லையா?" என்றாள். "யாரும் இல்லம்மா, அதனாலதான் வர முடிஞ்சுது" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "எனக்கும் ஒரு நாள் அப்படி வாய்க்கட்டும்" என்று மாட்டைத் தட்டிக்கொண்டு போனாள். இரண்டாம் நாள்தான் கஷ்டம். ஏரிக்கு அந்தப் பக்கம் ஜல்லிச் சாலை, ஒரு வளைவில் சக்கரம் சறுக்கி விழுந்தேன், முழங்கைச் சிராய்ப்பு அதுதான். பின் சக்கரம் பஞ்சர். டயரைக் கழற்றி ட்யூபை ஏரித் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடம் பார்த்து, தேய்த்து ஒட்டுப் போட்டு மாட்டினேன். முதல் ஒட்டு நிற்கவில்லை, இரண்டாவதும் நிற்கவில்லை. அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து திரும்பிவிடலாமா என்று யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தைப் பார்த்தேன், பாதிக்கு மேல் வந்தாகிவிட்டது, திரும்பினாலும் மிதிக்கத்தான் வேண்டும், அப்படியென்றால் முன்னாலேயே மிதிக்கலாம் என்று எழுந்தேன். மூன்றாவது ஒட்டு நின்றது. அன்று சாயங்காலம் மேட்டிலேயே இடம் பார்த்தேன், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து வாசலைத் திருப்பி வைத்தேன், ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டுவிட்டுக் குழந்தை மாதிரி தூங்கினேன்.

நான் அங்கே தூங்கிக்கொண்டிருந்தபோது இங்கே நடந்ததைத் திரும்பிவந்த பிறகுதான் கேட்டேன். புதன்கிழமை சாயங்காலம் மாமா குளியலறைக் குழாயைச் சரிசெய்ய வந்திருக்கிறான், அவனிடம்தான் ஒரு சாவி இருக்கிறதே. கதவைத் திறந்தால் நாற்காலி, சோபா, கட்டில் எல்லாவற்றின் மேலும் வெள்ளை விரிப்பு. ஃப்ரிட்ஜ் காலி, கதவு திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. காஸ் மூடியிருக்கிறது, ஜன்னல் கொக்கி எல்லாம் போட்டிருக்கிறது, பூந்தொட்டிகள் வக்கீல் வீட்டு வாசலில். அப்பா படத்துக்கு முன்னால் தட்டில் என் மோதிரம். ஹேண்டில்பாரைப் பிடித்துப் பிடித்து விரல் வீங்குமே என்று கழற்றி வைத்தேன், வேறு எங்கே வைப்பேன்? மூன்று நாள் வீட்டைப் பூட்டினால் தூசி படியாமல் மூடிவிட்டுப் போக வேண்டும் என்று நான் வளர்க்கப்பட்டேன், போட்டது போட்டபடி ஓடுவது எனக்குத் தெரியாது. அவன் அதையெல்லாம் வேறு விதமாகப் பார்த்திருக்கிறான். "எல்லாத்தையும் முடிச்சு வெச்சுட்டுப் போன வீடு மாதிரி இருந்துச்சுக்கா, நான் வேற என்னத்தை நினைக்கிறது" என்றான். அப்படி நினைத்தவன் போலீசில் போய் அதைச் சொன்னானா என்றால் அதுவும் இல்லை. தானாகப் போய்விட்டாள் என்று எழுதினால் அக்கா பேர் கெட்டுவிடுமே, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று, என் கௌரவத்தைக் காப்பாற்றுவதற்காக, "அவங்களுக்குக் கொஞ்ச நாளா ஞாபக மறதி" என்று சொல்லியிருக்கிறான். பேரைக் காப்பாற்ற மூளையைக் காவு கொடுத்துவிட்டான். நீ கேட்டு அழுத ஞாபக மறதி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? எந்த டாக்டரும் சொன்னதில்லை. ஸ்டேஷன் வராந்தாவில் நின்றுகொண்டு உன் மாமா கொடுத்தது.

சைக்கிள் கடைக்காரர் வலியப் போய், "அவங்க ஏரியைச் சுத்திட்டு வராங்க, நாளைக்கு மதியம் வந்துடுவாங்க, எனக்கே வழியெல்லாம் சொன்னாங்க" என்றிருக்கிறார், அவரை நம்பவில்லை, ஆனால் அந்த வழியிலேயே ஜீப்பை அனுப்பினார்கள். வியாழக்கிழமை காலை நான் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தபோது வந்து நின்றது. இறங்கிய போலீஸ்காரப் பெண்ணுக்கு உன் வயதுகூட இருக்காது. குனிந்து, உரக்க, ஒவ்வொரு சொல்லாக, "பாட்டி, பயப்படாதீங்க, நாங்க வந்துட்டோம்" என்றாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்றேன். "இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றாள். "வியாழக்கிழமை. உங்க சட்டையில ரெண்டாவது பொத்தான் மாறிப் போட்டிருக்கு" என்றேன். ஜீப் ஓட்டி வந்தவர் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அவள் கையிலிருந்த என் அடையாளக் குறிப்பை வாங்கிப் பார்த்தேன், வயதில் நாலு கூட்டி, உயரத்தில் ஒரு சாண் குறைத்து, மறதி என்று எழுதியிருந்தது. மூன்றையும் திருத்திக் கொடுத்தேன். நல்ல பெண், முகம் சிவந்தாலும் திருத்தியதை எழுதிக்கொண்டாள். இருவருக்கும் டீ கொடுத்தேன், ஒரே கோப்பைதான், மாற்றி மாற்றிக் குடித்தார்கள். சைக்கிளை ஜீப்பில் ஏற்றலாம் என்றார்கள். முடியாது, சுற்று முழுமையாக வேண்டும் என்றேன். அவள் வயர்லெஸ்ஸில் மேலதிகாரியிடம் பேசினாள், "சார், அவங்க நம்மளவிடத் தெளிவா இருக்காங்க சார்" என்றது எனக்குக் கேட்டது. முடிவில் கூட்டுரோடு வரை எனக்குப் பின்னால் ஊர்ந்து வந்தார்கள். மேலே சிவப்பு விளக்கு வேறு சுற்றிக்கொண்டிருந்தது, இறங்கிப் போய் அதை அணைக்கச் சொன்னேன், அணைத்தார்கள்.

தெருவுக்குள் நுழைந்தபோது நம் வீட்டு வாசலில் கூட்டம். மாமா ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு அழுதான், அத்தை "நல்லா இருக்கீங்களா, என்னை யாருன்னு தெரியுதா?" என்றாள். தெரிகிறது என்றேன். தெருவில் வைத்து நான் யாரையும் எதுவும் சொல்லவில்லை. உள்ளே போய் விரிப்புகளை எடுத்து மடிக்கும்போதுதான் வாசலோரம் கழற்றிப் போட்டிருந்த மாமாவின் செருப்பைப் பார்த்தேன், வார் வரை சேறு காய்ந்திருந்தது. நம் பக்கத்தில் அப்படிச் சேறு ஆற்றங்கரையில்தான் உண்டு. எங்கே போய் எதைத் தேடியிருக்கிறான் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன், செருப்பைக் கழுவி வெயிலில் வைத்தேன். அவனை அந்த அளவுக்குப் பயமுறுத்தியதற்கு வருந்துகிறேன், அதை அவனிடமும் சொல்லிவிட்டேன். உன்னையும் பயமுறுத்தியதற்கு வருந்துகிறேன். ஆனால் வருந்துவதால் வீட்டை விடப் போவதில்லை. நான் வருத்தம் சொன்ன தைரியத்தில் அவன் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்த் தன் கார் ஷெட்டில் வைத்துச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டான். "பாப்பா வந்து சொல்லட்டும், அப்பதான் தொறப்பேன்" என்கிறான். ஆகக் கடைசியில் என் சைக்கிளின் சாவி, எங்கோ இருக்கும் உன் நாக்கில் இருக்கிறது.

இனி என் முடிவைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. அந்தக் குடியிருப்புக்கு நான் போகப் போவதில்லை. ஒருநாள் போக வேண்டியிருக்கலாம், அது எப்போது என்பதை நான் சொல்வேன், சொல்ல முடியாத நிலை வந்தால் நீ சொல், இன்றைக்கு அந்த நிலை இல்லை. நானே டாக்டரிடம் போய் மறதிக்கான சோதனை எல்லாவற்றையும் செய்துகொண்டேன், கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தேன், சொற்களைச் சொல்லிக் கொடுத்துச் சிறிது நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார், என் வேலையே அதுதானே, வரிசை மாறாமல் சொன்னேன். ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை இத்துடன் வைக்கவில்லை. என் வார்த்தை உனக்குப் போதும் என்று நினைக்கிறேன். போதாது என்றால் அதையும் எழுது, அனுப்புகிறேன், ஆனால் போதாது என்று நீ எழுதியதை நான் ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

நீ வேலை கிடைத்து அவ்வளவு தூரம் கிளம்பினாயே, அப்பா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், நான்தான் உன் பெட்டியைக் கட்டினேன். பயம் இல்லாமலா கட்டினேன்? மொழி தெரியாத ஊர், பனி, தனி அறை, இரவு வேலை. போகாதே என்று சொல்லவில்லை. மாமாவை அனுப்பி உன் பாஸ்போர்ட்டைப் பூட்டவும் இல்லை. உன்னிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று, எங்கே போகிறாய், எப்போது சேருவாய் என்று சொல்லிவிட்டுப் போ, சேர்ந்ததும் தெரிவி. அதை நீ இன்றுவரை ஒழுங்காகச் செய்கிறாய், அதற்காக உன்னைப் பற்றி எனக்குப் பெருமை. அதையே நீ என்னிடம் கேள், கட்டுப்படுகிறேன். அதற்கு மேல் கேட்காதே, நானும் கேட்கவில்லை.

வா, தாராளமாக வா. காலி செய்ய வராதே, மகளாக வா. உன் அறையில் புது மெத்தை உறை போட்டு வைக்கிறேன், மாப்பிள்ளைக்கும் முடிந்தால் லீவு போடச் சொல். வரும்போது பெண்களுக்கான நல்ல சைக்கிள் சீட் ஒன்று அங்கே கிடைத்தால் வாங்கி வா, நடுவில் பள்ளம் வைத்தது, கடைக்காரர் இங்கே வருவதில்லை என்கிறார். டென்டுக்கு மாற்றுக் கம்பி ஒன்றும் வேண்டும், உடைத்தது நீ. நேரத்துக்குச் சாப்பிடு, இரவு வேலை முடிந்து வந்ததும் போனை நோண்டாமல் தூங்கு, முதுகு வலிக்கு நான் சொன்ன பயிற்சியை விடாதே. இந்த விஷயத்தில் மாமாவைக் கோபித்துக்கொள்ளாதே, எனக்காக ஆற்றங்கரை வரை போனவன் அவன் ஒருவன்தான். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல், நீண்ட நாள் நிறைவாக வாழ வேண்டும் என்று அப்பா சார்பிலும் என் சார்பிலும் மனமார ஆசீர்வதிக்கிறேன்.

கடைசியாக, என் பழைய தவறை மறுபடி செய்யப் போவதில்லை. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை காலை கிளம்புகிறேன். இந்த முறை ஏரியைத் தாண்டிக் குன்றடிவாரம் வரை போய்த் திரும்பும் வழி. வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் இருப்பேன், அதற்கு மறுநாள்தான் நீ வந்து இறங்குகிறாய், வாசலில் நிற்பேன். சைக்கிளை மாமா கொடுத்தால் அதில், கொடுக்காவிட்டால் வேறொன்றில். எங்கே போகிறேன், என்று கிளம்புகிறேன், என்று திரும்புவேன், இந்த மூன்றையும் உன் கையெழுத்தில் திரும்ப எழுதி எனக்குத் தபாலில் அனுப்பு. போனில் சொன்னால் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டேன். மேலே ஒரு வரி எழுத உனக்கு மனம் வராவிட்டாலும் பரவாயில்லை, இந்த மூன்றை மட்டும் எழுது.

பதிலை எதிர்பார்க்கும்,
உன் அம்மா